போர்ஷே 911: பார்த்த மாத்திரத்தில் எந்தத் தலைமுறை என்று கண்டுபிடிப்பது எப்படி

1964-ல் வெளிவந்த 911-ன் நீளம் 4163 மி.மீ. இப்போதைய தலைமுறையான 992 (இப்படிப்பட்ட மூன்றிலக்க எண்கள் போர்ஷே தன் தலைமுறைகளுக்கு வைக்கும் உள் எண்கள்) முதலில் வந்தபோது நீளம் 4519 மி.மீ. வித்தியாசம் 356 மி.மீ. 911-க்கு முன்பு போர்ஷே விற்ற காரின் பெயரும் 356தான். அது தற்செயல். ஆனால் "அறுபது வருஷமா ஒரே டிசைனையே ஓட்டறாங்க" என்ற பேச்சுக்கு இந்த ஒரு கணக்கே பதில் சொல்லிவிடும். தோற்றத்தில் மாறாதது கூரையின் சரிவும் பக்கவாட்டு ஜன்னலின் வடிவமும் மட்டுமே. மற்றதெல்லாம் மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு எந்திரக் காரணமோ சட்டக் காரணமோ உண்டு. அந்தக் காரணங்கள் தெரிந்தால் வருஷத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம், வண்டியே சொல்லும்.

கையில் ஒரு அளவு டேப் (3 மீட்டர் போதும்), சின்ன டார்ச், துணி சுற்றிய காந்தம் இவ்வளவு இருந்தால் போதும். ஒரு எச்சரிக்கையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். போர்ஷேயின் மாடல் வருஷம் கோடை விடுமுறை முடிந்து, ஏறக்குறைய ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். 1973 அக்டோபரில் பதிவான வண்டி 1974 மாடலாக இருக்கலாம். பதிவுப் புத்தகத்தின் தேதியை மட்டும் நம்பினால் ஒரு தலைமுறையே தவறிப்போகும்.

முதல் பிரிப்பு: மூன்று இடங்கள், அரை நிமிடம்

முதலில் கூரையின் ஓரத்தைப் பாருங்கள். கதவுக்கு மேலே, கூரையும் பக்கமும் சேருமிடத்தில் மழைநீர் வடியும் தகரக் கால்வாய் இருந்தால் அது காற்றால் குளிரும் எஞ்சின் வைத்த வண்டி, அதாவது 1998 வரையிலானது. கால்வாய் இல்லாமல் கூரை வழவழவென்று இறங்கினால் 996-ம் அதற்குப் பிந்தையதும்.

இதை உறுதிசெய்ய பெட்ரோல் மூடியைப் பாருங்கள். காற்றுக் குளிர்ச்சி வண்டிகளில் அது முன்பக்க இடது மட்கார்டில் இருக்கும். 996-லிருந்து முன்பக்க வலது மட்கார்டுக்குப் போய்விட்டது. 911-ஐ விதவிதமாக மாற்றிக் கட்டுகிறவர்கள் பம்பரை மாற்றுவார்கள், விளக்கை மாற்றுவார்கள், மட்கார்டை அகலப்படுத்துவார்கள். பெட்ரோல் டேங்க் இருக்கும் பக்கத்தை யாரும் மாற்றுவதில்லை.

மூன்றாவது, கதவுக்குக் கீழே உள்ள அடிச்சட்டத்தில், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் ஒரு வட்ட மூடி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அதன் பின்னால்தான் டார்ஷன் பார், அதாவது சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கிக்கொண்டு வேலை செய்யும் எஃகுத் தண்டு இருக்கிறது. மூடி இருந்தால் 1989 வரையிலான பழைய அடித்தளம். கால்வாய் உண்டு, மூடி இல்லை என்றால் 964 அல்லது 993. அவற்றில் சுருள் ஸ்பிரிங் வந்துவிட்டது. இந்த மூடியை மறந்துவிடாதீர்கள், போலிகளைப் பிடிக்கும் இடத்தில் மீண்டும் வரும்.

நீண்ட மூக்கு வண்டிகள்: 1964 முதல் 1973 வரை

1963 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் இந்தக் கார் 901 என்ற பெயரில் நின்றது. நடுவில் பூஜ்யம் வைத்த மூன்றிலக்கப் பெயர் தங்களுடையது என்று பெஜோ ஆட்சேபித்ததால் 1964-ல் 911 ஆனது. வடிவம் ஃபெர்டினாண்ட் அலெக்சாண்டர் போர்ஷேயுடையது. 1991 சி.சி., ஆறு சிலிண்டர், 130 குதிரைத் திறன்.

பானெட் முன்பம்பரின் மேல்விளிம்பு வரை நீண்டு இறங்கியிருந்தால் அது இந்தக் காலத்தது. பம்பர் மெலிதாக, உடலோடு ஒட்டி, வண்டியின் நிறத்திலேயே இருக்கும்.

இந்தப் பத்து வருஷத்துக்குள் பிரித்துப் பார்ப்பதுதான் சுவாரஸ்யம். எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால் 911-க்குப் பிறவியிலேயே பின்பாரம். வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வீசிவிடும். ஆரம்பகால வண்டிகளில் இதற்குச் செய்த வைத்தியம் கொஞ்சம் நாட்டு வைத்தியம் மாதிரி இருந்தது. முன்பம்பரின் இரு முனைகளுக்குள்ளும் தலா 11 கிலோ வார்ப்பிரும்புக் கட்டியை வைத்துவிட்டார்கள். நிஜ வைத்தியம் 1969 மாடலில் வந்தது. எஞ்சினை நகர்த்தாமல், பின் சஸ்பென்ஷன் கைகளை நீட்டி, பின்சக்கரத்தை மட்டும் 57 மி.மீ. பின்னால் தள்ளினார்கள். வீல்பேஸ், அதாவது முன்பின் சக்கர மையங்களுக்கு நடுவேயுள்ள தூரம், 2211-லிருந்து 2268 மி.மீ. ஆனது. அதே வருஷம் ஒரு பேட்டரியை இரண்டாகப் பிரித்து, முன்பக்க இரு மூலைகளிலும் உட்கார வைத்தார்கள். அதுவும் முன்பாரம் கூட்டத்தான்.

இதைக் கண்ணால் பார்க்க அந்த வட்ட மூடியிடமே போங்கள். டார்ஷன் பார் இடம் மாறவில்லை, சக்கரம்தான் நகர்ந்தது. ஆகவே 1968 வரையிலான வண்டியில் சக்கர வளைவின் விளிம்பு மூடியை உரசுகிற மாதிரி இருக்கும். 1969 முதல் இரண்டுக்கும் நடுவில் தெளிவான இடைவெளி தெரியும். சந்தேகம் இருந்தால் டேப்பை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை தரைக்கு இணையாக அளக்க வேண்டும். டேப் தொய்ந்தாலோ சக்கரம் கொஞ்சம் திரும்பியிருந்தாலோ 10 மி.மீ. வரை பிசகும். ஆனால் இங்கே தேடுவது 57 மி.மீ., அதனால் குழப்பம் வராது. ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் அது வேறு கதை. எப்போதோ பலமாக இடிபட்ட வண்டி, அல்லது பின் சஸ்பென்ஷன் அலைன்மென்ட் கெட்ட வண்டி.

கதவுக் கைப்பிடியும் உதவும். விரலால் அழுத்தும் பட்டன் வெளியே தெரிந்தால் 1969 வரை. கைப்பிடிக்கு உள்ளே விரலால் இழுக்கும் விசை இருந்தால் 1970 முதல்.

1972 மாடலுக்கு மட்டும் ஒரு தனி அடையாளம் உண்டு. எடைப் பங்கீட்டுக்காக ஆயில் டேங்கை வலது பின்சக்கரத்துக்கு முன்னால் கொண்டுவந்து, ஆயில் ஊற்றும் வாயை வெளியே வைத்தார்கள். வலது கதவுக்குப் பின்னால், மட்கார்டில் ஒரு குட்டி மூடி. பெட்ரோல் நிலையத்தில் அதைப் பெட்ரோல் மூடி என்று நினைத்து ஆயில் டேங்கில் பெட்ரோலை ஊற்றியவர்கள் இருந்ததால், 1973-லேயே டேங்க் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. அந்த ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்த வண்டிகளும் உண்டு. காந்தத்தைத் துணியோடு அந்த இடத்தில் நகர்த்திப் பாருங்கள். பிடி தளர்ந்தால் உள்ளே பட்டி பூசியிருக்கிறது.

பின்மூடியைத் திறந்து என்ன எஞ்சின் என்று பார்க்க முடியாத நிலையில் இன்னொரு பொறி உண்டு. 912 என்ற வண்டி 1965 முதல் 1969 வரை வந்தது. உடல் 911-ஐப் போலவே இருக்கும், எஞ்சின் மட்டும் 356-லிருந்து வந்த நான்கு சிலிண்டர். வெளியிலிருந்து சின்னத்தைத் தவிர பெரிய வித்தியாசம் இல்லை. சின்னத்தை மாற்ற இரண்டு நிமிடம் போதும் என்பதால் சேஸிஸ் எண்ணைப் பார்க்காமல் 911 என்று முடிவுகட்டக் கூடாது.

வாத்து வாலும் அகன்ற இடுப்பும்

1973-ன் கரேரா ஆர்.எஸ். 2.7-க்கு மட்டும் தனிக் கவனம் தேவை, காரணம் இதன் நகல்கள் அசலைவிட அதிகம். பந்தய விதிப்படி 500 வண்டிகள் கட்டினால் போதும் என்று தொடங்கி 1580 கட்டினார்கள். 2687 சி.சி., 210 குதிரைத் திறன். பின்மூடியில் மேல்நோக்கி வளைந்து நிற்கும் வாத்து வால், பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பப் பார்ப்பதைத் தடுக்க வைத்தது. அதோடு முதல்முறையாக முன்பக்கம் 6 அங்குல வீலும் பின்பக்கம் 7 அங்குல வீலும் போட்டார்கள். அந்த அகலம் உள்ளே அடங்கப் பின் மட்கார்டுகள் வெளியே வீங்கின. அங்கே தொடங்கி, போகப்போக 911-ன் பின்பக்கம் முன்பக்கத்தைவிட அகலமாகிவிட்டது. அழகுக்காகச் செய்ததாகப் பலர் நினைக்கும் அந்த இடுப்பு, பின்பாரத்தைத் தாங்கும் டயருக்காக வந்தது.

அசல் ஆர்.எஸ். சேஸிஸ் எண் 911360 என்று தொடங்கும், எஞ்சின் வகை 911/83. வால் மட்டும் இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது, வாலை நாலு போல்ட்டில் மாட்டிவிடலாம்.

துருத்தி பம்பர்: 1974 முதல் 1989 வரை

5 மைல் வேகத்தில் மோதினால் வண்டிக்குச் சேதம் வரக்கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. பல கம்பெனிகள் இருந்த காரில் கனத்த ரப்பர்க் கட்டையைச் செருகின. எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் காரின் முகத்தில் கறுப்பு ரப்பர் வந்து ஒட்டிக்கொண்டது அப்படித்தான். போர்ஷே பானெட்டைக் குட்டையாக்கி, அலுமினிய பம்பரை உடலிலிருந்து தள்ளி நிறுத்தி, நடுவே வரும் இடைவெளியைக் கறுப்பு ரப்பர்த் துருத்தியால் மூடியது. அந்தச் சட்டத்துக்கு எந்தக் கார்க் கம்பெனியும் தந்த பதில்களில் இதுவே சிறந்தது என்று தயங்காமல் சொல்லலாம். பதினாறு வருஷம் அப்படியே நின்றது.

ஆக, பம்பரின் இரு பக்கமும் ஹார்மோனிய மடிப்பு மாதிரி கறுப்புத் துருத்தி தெரிந்தால் ஜி சீரிஸ். இண்டிகேட்டர்கள் பம்பருக்குள் போயிருக்கும். பின்விளக்குகளுக்கு நடுவே போர்ஷே என்ற எழுத்துகளோடு சிவப்புப் பட்டை ஓடும்.

உள்ளே பிரிப்பது: முன்பம்பருக்குக் கீழே உள்ள தகட்டிலேயே மூடுபனி விளக்குகள் பதிந்திருந்தால் 1984 முதலான கரேரா 3.2. இல்லையென்றால் அதற்கு முந்தைய எஸ்.சி. மாடல் அல்லது 2.7 லிட்டர் வண்டி. 3.2-க்குள் கியர்பாக்ஸ் ஒரு பெரிய பிரிவினை. 1987 முதல் ஜி50 கியர்பாக்ஸும் ஹைட்ராலிக் கிளட்சும் வந்தன. அதற்கு முந்தைய 915-ல் கிளட்சுக்குக் கேபிள். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது குளிர்ந்த நிலையில் முரண்டு பிடிப்பது 915-ன் குணம். வண்டி சூடான பிறகும் கரகரவென்று அரைத்தால் சின்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) தேய்ந்திருக்கிறது.

டர்போ, அதாவது 930, 1975 மாடலில் 3.0 லிட்டர், 260 குதிரைத் திறனோடு வந்தது. ரப்பர் விளிம்பு வைத்த தட்டையான வால் அதனுடையது. 1978-ல் 3.3 லிட்டரும், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் வந்தபோது, அந்தக் கூலருக்கு இடம் வேண்டி வாலே மாறியது. சுற்றிலும் விளிம்பு எழும்பி நிற்கும் தேநீர்த் தட்டு போன்ற வால் தெரிந்தால் 3.3. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டர்போவின் அகன்ற உடலையும் வாலையும் சாதாரணக் கரேராவுக்கும் தொழிற்சாலையிலேயே விருப்பத் தேர்வாக விற்றார்கள். அகலத்தை வைத்து டர்போ என்று சொல்லக் கூடாது. எண்ணைப் படிக்க வேண்டும்.

இந்தக் காலத்து வண்டியை வாங்கப் போகிறவர்கள் டிசைனோடு நிறுத்தாமல் இவற்றையும் பார்த்துவிடுவது நல்லது:

1976 மாடலிலிருந்து முழு உடலும் துத்தநாகம் பூசிய தகடு. அதற்கு முந்தையது என்றால் துருவைத் தேடுவதே முதல் வேலை. ஹெட்லைட் கிண்ணத்தைச் சுற்றி, பேட்டரி உட்காரும் இடம், முன் சஸ்பென்ஷன் மாட்டும் அடித்தட்டு, அடிச்சட்டத்தின் பின்முனை, ஜாக்கி வைக்கும் குழாய், முன்கண்ணாடியின் கீழ் மூலைகள் என்ற வரிசையில் பாருங்கள். பூசிய தகட்டிலும் பின்னால் வெல்டு வைத்த இடத்தில் துரு வரும்.

2.7 எஞ்சினின் கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) மெக்னீசியம். எடை குறைப்பதற்காக 1968-லேயே வந்த ஏற்பாடு அது, 2.0 லிட்டருக்குத் தாங்கியது. 2.7-ன் வெப்பத்தில், குறிப்பாக அமெரிக்க வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுக்காக வைத்த தெர்மல் ரியாக்டர் எஞ்சினுக்கு அடியிலேயே கொதித்ததில், சிலிண்டர் ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்கள் மரையோடு பிய்ந்து வந்தன. ரிப்பேர் செய்தவர்கள் மரை உள்ள எஃகுப் புஷ்ஷைப் பதித்திருக்க வேண்டும். பில்லில் அது எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள்.

எஸ்.சி.யில் கிராங்க்கேஸ் அலுமினியம் ஆனதால் ஸ்டட் பிய்வது நின்றது, ஆனால் கீழ்வரிசை ஸ்டட்களே நடுவில் ஒடிய ஆரம்பித்தன. கீழ்ப்பக்க வால்வு கவரைக் கழற்றி ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்ப்பதே ஒரே வழி. எஸ்.சி.யில் இன்னும் இரண்டு: டைமிங் செயின் டென்ஷனர் ஓய்ந்துபோனால் எஞ்சினே போய்விடும். 3.2-ல் வந்த ஆயில் அழுத்த டென்ஷனரைப் பெரும்பாலோர் மாட்டிவிட்டார்கள். செயின் கவர் இரண்டுக்கும் மெல்லிய ஆயில் குழாய் போகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்தது பிளாஸ்டிக் ஏர்பாக்ஸ். ஸ்டார்ட் செய்யும்போது பின்வெடி வெடித்தால் அது பிளந்துவிடும். ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு உள்ளே பார்த்தால், அழுத்தத்தை வெளியேற்றும் வட்ட வால்வு ஒன்று பொருத்தியிருக்க வேண்டும். விலை குறைந்த பாகம், இல்லாவிட்டால் வரும் செலவு பெரியது.

ஆயில் அளவு பார்ப்பதிலும் தவறு நடக்கிறது. ஆயில் தனி டேங்கில் இருப்பதால், எஞ்சின் நன்றாகச் சூடாகி, சமதளத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பார்த்துவிட்டு 'குறைகிறதே' என்று இரண்டு லிட்டர் ஊற்றினால், சூடானதும் மிதமிஞ்சிய ஆயில் ஏர் ஃபில்டர் வழியே உள்ளே போய் வெள்ளைப் புகையாக வரும்.

964, 993: பழைய உருவத்துக்குள் புது வண்டி

1989-ல் வந்த 964-ல் பாகங்களில் 85 சதவீதம் புதியவை என்று போர்ஷே சொன்னது. ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்தால் ஜி சீரிஸ்தான். கூரை, கண்ணாடி, கதவு, நிமிர்ந்த ஹெட்லைட் எல்லாம் அதே வரைகோடு. வித்தியாசம் பம்பரில். துருத்தி போய், உடலின் நிறத்திலேயே உருண்டு இறங்கும் ஒரே துண்டு பிளாஸ்டிக். பின்னால் வால் கிடையாது, 80 கி.மீ. வேகத்தில் தானாக எழும்பும் ஸ்பாய்லர் உண்டு. நிற்கும் வண்டியில் அது மூடியோடு மூடியாகப் படுத்திருக்கும். 3.6 லிட்டர், 250 குதிரைத் திறன். முதலில் நாலு சக்கரமும் இழுக்கும் கரேரா 4 வந்தது, பின்சக்கர வண்டி அதற்கடுத்து. ஆரம்ப வண்டிகளில் சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே சீல் வளையம் இல்லாததால் அங்கிருந்து ஆயில் கசியும்.

993-ஐப் பிரிக்க ஹெட்லைட்டைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். 964 வரை முன் மட்கார்டு இரண்டும் துப்பாக்கிக் குழல் மாதிரி நிமிர்ந்து, விளக்கு ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். 993-ல் மட்கார்டு தாழ்ந்து, விளக்கு பின்னோக்கிச் சாய்ந்துவிட்டது. பின்னால் சிவப்புப் பட்டையும் சாய்ந்திருக்கும். வரைந்தவர் டோனி ஹேட்டர். அகலம் 1652-லிருந்து 1735 மி.மீ. ஆனது. புதிய பல இணைப்புப் பின் சஸ்பென்ஷனுக்கு இடம் வேண்டியிருந்தது அதற்கு ஒரு காரணம். அந்த சஸ்பென்ஷன் வந்த பிறகுதான், முப்பது வருஷம் கழித்து, வளைவில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வீசும் பழக்கம் உண்மையில் அடங்கியது. 993-ல் முன்கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றித் துரு வருவது வழக்கம். ரப்பருக்கு அடியில் பெயின்ட் கொப்பளித்திருந்தால் கண்ணாடியை எடுத்துப் பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

தண்ணீர் வந்த பிறகு

சிலிண்டருக்கு நாலு வால்வு, குறைந்த புகை, குறைந்த சத்தம், மூன்றும் சேர்ந்து வேண்டுமென்றால் காற்றுக் குளிர்ச்சி போதாது. அதனால் 1997-ல் வந்த 996-ல் தண்ணீர். எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்பம்பரின் இரு மூலைகளில். பம்பரில் இரு பக்கமும் பெரிய காற்று வாய்கள் வந்தது அதற்காக. அந்த வாய்களுக்குள் காய்ந்த இலை சேர்ந்து, ஈரத்தில் மக்கி, ஏ.சி. கண்டென்சரையும் ரேடியேட்டரையும் அரித்துத் துளைத்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்வது அவசியம். வாங்கும் வண்டியில் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உரக்குழி மாதிரி இருந்தால் பேரம் பேச ஒரு காரணம் கிடைத்தது.

996-ன் முதல் ஹெட்லைட் இண்டிகேட்டரோடு சேர்ந்து வழிந்த வடிவம், பொரித்த முட்டை என்று கேலி செய்வார்கள். போர்ஷேயின் மலிவான காரான பாக்ஸ்டரோடு அதே விளக்கைப் பகிர்ந்ததுதான் உண்மையான கோபம். விளக்கின் மேல் அவ்வளவு குற்றமில்லை, பம்பரோடு இணைத்துப் பார்த்தால் வரைகோடு சரியாகவே ஓடுகிறது. 2002 மாடலில் டர்போவின் விளக்கு வந்தது, எஞ்சின் 3.4-லிருந்து 3.6 ஆனது, உள்ளே பூட்டும் வசதியுள்ள கையுறைப் பெட்டி வந்தது. ராத்திரியில் வண்டியைப் பார்க்க நேர்ந்தால் இந்தப் பெட்டி நல்ல அடையாளம்.

எஞ்சினில் பார்க்க வேண்டியது இடைத்தண்டு (கிராங்கின் சுழற்சியைக் கேம்களுக்குக் கொண்டுபோகும் தண்டு) பேரிங். டர்போவும் ஜி.டி.3-ம் வேறு பரம்பரை எஞ்சின் என்பதால் இந்தக் கவலை இல்லை. மற்ற 996, 2008 வரையிலான 997 எல்லாவற்றிலும் உண்டு. பேரிங் உடைந்தால் டைமிங் தப்பி எஞ்சின் முழுதும் போகும், முன்னறிகுறி பெரும்பாலும் இருக்காது. பழைய ஆயில் ஃபில்டரை அறுத்து விரித்து, மினுமினுக்கும் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பதே நடைமுறைச் சோதனை. கிளட்ச் மாற்றும்போது பேரிங்கையும் மாற்றுவது வழக்கம். ஆனால் 997-ன் பெரிய பேரிங்கை கிராங்க்கேஸைப் பிரிக்காமல் வெளியே எடுக்க முடியாது. ஒரு புகைக்குழாய் மட்டும் மற்றதைவிடக் கரியாக இருந்து, குளிர்ந்த எஞ்சினில் டக் டக் என்று தட்டும் சத்தமும் கேட்டால், சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருக்கலாம். கேமரா விட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இதற்குப் பிறகு அடையாளங்கள் சுலபம். வட்ட ஹெட்லைட் திரும்பி வந்து, இண்டிகேட்டர் தனியாகப் பம்பருக்குப் போயிருந்தால் 997 (2004 முதல்). அதிலேயே பின்விளக்கு எல்.இ.டி. ஆக இருந்தால் 2009 மாடலுக்குப் பிந்தையது. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின், இடைத்தண்டே கிடையாது. பின்னால் பார்க்கும் வெளிக் கண்ணாடி, ஜன்னலின் முக்கோண மூலையிலிருந்து கதவின் தோளுக்கு இறங்கியிருந்தால் 991 (2011 முதல்). வீல்பேஸ் 2350-லிருந்து 2450 ஆனது அதில். முன் ஓவர்ஹேங் (முன்சக்கரத்துக்கு முன்னால் நீட்டியிருக்கும் பகுதி) குறைந்தது, முன் அச்சு முன்னால் போனது, பின்பாரத்தின் பழைய தொல்லைக்கு இன்னொரு பதில். பின்சக்கரத்துக்குப் பின்னால் பம்பரில் காற்றுத் துளை இருந்தால் இரட்டை டர்போ வந்த 2015-க்குப் பிந்தைய 991. கதவோடு சமமாகப் படுத்து, தொட்டால் வெளியே வரும் கைப்பிடியும், எல்லா மாடலிலும் முழு அகலத்துக்கு ஓடும் பின்விளக்குப் பட்டையும் 992. ஸ்டார்ட் செய்ய ஸ்டீயரிங்குக்கும் கதவுக்கும் நடுவே திருகுக்குமிழ் இல்லாமல் பட்டன் இருந்தால், 2024-ல் வந்த இரண்டாம் பாதி 992.

எண்களை வாசிப்பது

உருவம் சொன்னதை எண் உறுதிசெய்ய வேண்டும். பழைய வண்டிகளில் சேஸிஸ் எண் முன் டிக்கியில், தரைவிரிப்புக்கு அடியில் தகட்டிலேயே கொத்தியிருக்கும். அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் முன்கண்ணாடியின் கீழ் மூலையிலும் தெரியும்.

1970 முதல் 1979 வரை, 911-க்கு அடுத்து வரும் நான்காவது இலக்கமே மாடல் வருஷத்தின் கடைசி இலக்கம். 9113 என்று தொடங்கினால் 1973.

1981 முதல் 17 இடங்கள். 7, 8-ஆம் இடங்களையும் 12-ஆம் இடத்தையும் சேர்த்துப் படித்தால் வகை வரும். 96, பிறகு 4 என்றால் 964. 93, பிறகு 0 என்றால் அசல் டர்போ. அகன்ற உடல் இருந்தும் 91, பிறகு 1 என்று வந்தால் அது டர்போ வேஷம் போட்ட கரேரா. 10-ஆம் இடம் மாடல் வருஷம்: ஜே 1988, கே 1989, எல் 1990, எம் 1991, என் 1992, ஆர் 1994, எஸ் 1995, வி 1997, டபிள்யூ 1998, எக்ஸ் 1999, ஒய் 2000. 2001 முதல் 2009 வரை 1 முதல் 9. ஐ, ஓ, க்யூ, யூ, இசட் ஆகியவை வருஷத்துக்குப் பயன்படுவதில்லை.

வேஷம் போட்ட வண்டிகள்

துருத்தி பம்பர் வண்டியையோ 964-ஐயோ எடுத்து, நீண்ட பானெட்டும் மெல்லிய பம்பரும் மாட்டி 1973 மாதிரி ஆக்குவது பெரிய தொழில். ஒளிக்காமல் சொல்லி விற்றால் அதில் தவறில்லை, ஓட்டவும் பழையதைவிட நன்றாகவே இருக்கும். சொல்லாமல் விற்கிறவர்களைப் பிடிக்க அந்த வட்ட மூடியிடம் திரும்பிப் போங்கள். முன்பக்கம் 1973, அடிச்சட்டத்தில் மூடி இல்லை என்றால் அடியில் இருப்பது 964. மூடி இருந்தால் ஜி சீரிஸாக இருக்கலாம், அப்போது காந்தத்தை முன் மட்கார்டிலும் பானெட்டிலும் வையுங்கள். அசல் வண்டியில் அவை எஃகு, காந்தம் ஒட்டும். மாற்று வேலையில் பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ், ஒட்டாது. ஒட்டினாலும் முன் டிக்கிக்குள் விளக்கடித்து, உள்தகடுகள் ஒன்றோடொன்று சேருமிடத்தில் வெல்டுப் புள்ளிகள் சீராக இருக்கின்றனவா, அரைத்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள். 1969-73 வண்டி என்று சொன்னால் இரு மூலைகளிலும் பேட்டரிக்குத் தனித்தனிக் குழி இருக்க வேண்டும், 1974-ல் மறுபடியும் ஒரே பேட்டரி ஆகிவிட்டது.

ஃபூக்ஸ் கம்பெனி செய்த அலுமினிய வீலைக் கழற்றினால் பின்பக்கம் அகலமும் தயாரிப்பு மாதமும் பதிந்திருக்கும். வண்டிக்கு அப்புறம் பிறந்த வீல் இருப்பது குற்றமில்லை, ஆனால் 'எல்லாமே அசல்' என்று சொன்னவரிடம் கேட்க ஒரு கேள்வி. எஞ்சின் எண், பின்னால் நின்று பார்க்கும்போது குளிர்விசிறிக்கு வலப்புறம் கிராங்க்கேஸில் கொத்தியிருக்கும். ஆயில் பிசுக்கைத் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். எழுத்தைச் சுற்றியுள்ள வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருக்க வேண்டும். அந்த இடம் மட்டும் வழவழவென்று மின்னினால் பழைய எண்ணை அரைத்துவிட்டுப் புதிதாகக் கொத்தியிருக்கிறார்கள்.